பச்சைக் கோடு

"பாத்ரூம் சுவர்ல வென்டிலேட்டருக்கு ஓப்பனிங் விடலையே மேஸ்திரி?" என்று கேட்டேன். அவர் மடித்து வைத்திருந்த பிளானை விரித்து என்னிடமே நீட்டினார். "இதுல எங்க தம்பி இருக்கு?"

இல்லைதான். கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் அந்த வென்டிலேட்டரை நானே வைத்திருந்தேன். எலிவேஷனில் தெரிந்தது, 3டி வியூவிலும் தெரிந்தது. பிளானில் மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் ஒன்பது இஞ்ச் சுவரை உடைத்தார்கள்.

பிளான் என்பது நாம் வரைந்த படம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஆட்டோகேடில் அப்படித்தான், எதை வரைகிறோமோ அது இருக்கும். ரெவிட்டில் பிளான் ஒரு பார்வை. தரையிலிருந்து 1200 மி.மீ. உயரத்தில் கட்டடத்தைக் கிடைமட்டமாக அறுத்து, மேல்பாதியை எடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்ப்பது. அப்படி அறுக்கும் தளமான கட் பிளேன் வழக்கமாக அந்த உயரத்தில்தான் இருக்கும். என் வென்டிலேட்டரின் அடிமட்டமோ 5.5 அடி. அறுத்த இடத்துக்கு மேலே இருக்கும் ஜன்னலை ரெவிட் பெரும்பாலும் பிளானில் காட்டாது. பாத்ரூமைச் சுற்றி மட்டும் ஒரு பிளான் ரீஜன் போட்டு, அங்கே வெட்டும் உயரத்தை ஏற்றியிருந்தால் சுவர் தப்பியிருக்கும்.

இது புரிந்த பிறகுதான் ரெஃபரன்ஸ் பிளேனும் எனக்குப் பிடிபட்டது. திரையில் பச்சைப் புள்ளிக் கோடாகத் தெரியும் அதை, புதிதாகக் கற்க வருபவர்கள் வெறும் கோடு என்றே நினைக்கிறார்கள். "பிளான்ல இருக்கு, பக்கத்து எலிவேஷன்ல காணோமே" என்று தேடுகிறார்கள். கண்ணாடிக் கடையில் நிமிர்த்தி வைத்த ஒரு பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் பார்த்தால் பச்சையாக ஒரு கோடு, நேர் எதிரே நின்றால் ஒன்றுமே இல்லை. ரெஃபரன்ஸ் பிளேனும் அப்படித்தான்: அதை விளிம்பில் பார்க்கும் வியூக்களில் கோடாகத் தெரியும், மற்றதில் மறைந்திருக்கும். எலிவேஷனில் இடைஞ்சல் என்று அதை அழித்தால், பிளானில் அதைப் பிடித்திருந்த அளவுகளும் சேர்ந்தே போய்விடும். கண்ணுக்கு வேண்டாமென்றால் அந்த வியூவில் மட்டும் மறைத்து வைக்கலாம்.

ஜன்னல் ஃபேமிலி, அதாவது அளவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஜன்னல் மாதிரி, செய்யும்போது ரெஃபரன்ஸ் பிளேனின் அருமை தெரியும். நடுவில் ஒரு பிளேன், இருபுறமும் ஒவ்வொன்று. நடுவிலிருந்து இரண்டும் சம தூரம் என்று ஈக்யூ போட்டு, அகலத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டு, சட்டத்தை அந்தப் பிளேன்களோடு பூட்ட வேண்டும். பிறகு 900ஐ 1500 என்று மாற்றிப் பார்த்தால் பிளேன்கள் நகரும், சட்டம் கூடவே போகும். சட்டத்தை இன்னொரு சட்டத்தோடு பிடித்துவைத்தால் இப்படி மாற்றும்போதுதான் சிதறும். கொத்தனார் செங்கல்லை முந்தைய செங்கல்லைப் பார்த்து வைப்பதில்லை, நூலைப் பார்த்து வைக்கிறார். கல்லைப் பார்த்துக் கல் வைத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் விலகி, பத்தடி போவதற்குள் சுவர் வளைந்துவிடும். வீடு முடிந்ததும் நூல் இருக்காது. ஃபேமிலியைக் கட்டடத்தில் வைத்ததும் அதன் பச்சைக் கோடுகளும் கண்ணில் படாது.

அந்த மேஸ்திரியோடு இன்னும் வேலை செய்கிறேன். பாத்ரூம் சுவர் நாலடி ஏறியதும் அவரிடமிருந்து போன் வரும். "தம்பி, இதுக்கு மேல ஏதாவது இருக்கா?"