கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு

பறவை பார்க்க வரத் தொடங்கியவர்கள் சில வாரங்களிலேயே கேட்டுவிடும் கேள்வி இது: "எட்டாயிரம் ரூபாய் பைனாகுலருக்கும் இரண்டு லட்ச ரூபாய் பைனாகுலருக்கும் அப்படி என்னதான் சார் வித்தியாசம்?" கேட்கும்போதே அவர்கள் மனத்தில் ஒரு பதில் இருக்கும். விலை கூடினால் இன்னும் தூரத்தில் இருப்பது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லை. 8×42 என்று எழுதியிருந்தால் இரண்டுமே எட்டு மடங்குதான் பெரிதாக்கும். வேடந்தாங்கல் ஏரி மொத்தமே 74 ஏக்கர். கரையில் நின்றால் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கண்ணெதிரே இருக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகு அங்கே இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்து, வட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்தால், எது விலை கூடியது என்று புதியவர் சட்டென்று சொல்லிவிட முடியாது.

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. 42 மில்லிமீட்டர் முன்லென்ஸை 8ஆல் வகுத்தால் 5.25. அந்த அகலத்தில்தான் ஒளிக்கற்றை பைனாகுலரிலிருந்து வெளியே வருகிறது. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். மிச்ச ஒளி கண்ணுக்குள் நுழைவதே இல்லை. கண்ணை இம்மி பிசகாமல் வைக்க வேண்டிய சிரமம் குறையும் என்பதைத் தவிர அதனால் பெரிய லாபமில்லை. இருட்டில்தான் கண்மணி விரிகிறது. இளம் வயதில் ஏழு மில்லிமீட்டர் வரை போகும்; வயது ஏற ஏற அது ஐந்தாகவும் அதற்குக் கீழேயும் குறைந்துவிடும்.

இந்த உயர்ந்த ரகக் கண்ணாடிகளைச் செய்யும் ஜெர்மனி, ஆஸ்திரியக் கம்பெனிகளுக்கு வேட்டைக்காரர்கள் பெரிய வாடிக்கையாளர்கள். அங்கே மானும் காட்டுப்பன்றியும் அந்தி மயங்கும் வேளையில்தான் வெளியே வரும். துப்பாக்கியின் மேல் பூட்டும் தொலைநோக்கியானாலும் கழுத்தில் தொங்கும் பைனாகுலரானாலும், கடைசி வெளிச்சத்தின் அரைமணி நேரத்துக்காகத்தான் அவர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். 8×56 என்ற கனமான உருவம் அவர்களுக்காகவே வந்தது. 56ஐ 8ஆல் வகுத்தால் சரியாக ஏழு. இங்கே 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. கண்ணாடி மட்டும் அதே கண்ணாடியாக நம்மிடம் வருகிறது. ஆகவே அந்த அரைமணி நேரத்தில் நமக்கு வேலை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நான்கு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்பாவது இருக்கும். மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். போனது போகட்டும் என்று விட முடியாது. அது குழாய்க்குள்ளேயே அலைந்து, காட்சியின் மேல் பால் தெளித்ததுபோல் ஒரு மங்கலைப் பரப்பும். 1935இல் ஜைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சுதான் இதற்கு மருந்து. இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்புக்கு அரை சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் இழப்பு. நேர்குழாய் வடிவில் வரும் ரூஃப் பிரிஸத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும்போது அலைகள் பிசகி, நுண்ணிய கோடுகள் மழுங்கும். அதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை 1988இல் ஜைஸ்தான் கொண்டுவந்தது. அன்றைக்குச் சீமான்கள் மட்டும் வாங்கிய அந்தப் பூச்சு இன்று நடுத்தர விலைப் பைனாகுலரிலேயே கிடைக்கிறது. எட்டாயிரத்திலிருந்து இருபது, முப்பதாயிரத்துக்குப் போகும்போது கிடைக்கும் முன்னேற்றம், அதற்கு மேல் லட்சங்களைக் கொடுத்தாலும் அதே அளவில் கிடைப்பதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதற்காக மேல்தட்டுக் கண்ணாடி வெறும் பெயருக்கு விற்கிறது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கரணையில் ஒரு மாசி மாத மாலை. நண்பர் ஒருவரின் ஆஸ்திரியப் பைனாகுலர் என் கழுத்தில், என்னுடைய நடுத்தர விலைக் கண்ணாடி பையில். சூரியன் எங்களுக்கு எதிரே தாழ்ந்து, தண்ணீரெல்லாம் தகதகத்தது. சேற்று விளிம்பில் குருவியளவு உள்ளான் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கால் கறுப்பாக இருந்தால் சாதாரணக் கொசு உள்ளான். பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் டெமிங்க் கொசு உள்ளான். இந்தப் பக்கம் அவ்வளவாகப் பார்க்கக் கிடைக்காது. என் கண்ணாடியில் பறவைக்கு முன்னால் வெண்மையான திரை ஒன்று விழுந்திருந்தது. கால் வெறும் இருண்ட கோடு. நண்பருடையதில் அந்தத் திரை இல்லை. காலின் கீழ்ப்பாதியில் சேறு அப்பியிருப்பதும், மூட்டுக்கு மேலே மங்கலான மஞ்சள் இருப்பதும் தெரிந்தது. சற்று நேரத்தில் ஒரு மேகம் சூரியனை மறைத்தது. இப்போது என்னுடையதிலும் அதே மஞ்சள் தெரிந்தது. அந்த இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி, மேகம் வருவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களின் விலை.

அப்படிப்பட்ட நிமிடங்கள் யாருக்கு அதிகம்? கொடைக்கானல், நீலகிரிச் சோலைகளுக்குள் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு. வெளியே புல்வெளியில் கண் கூசும் வெயில் அடிக்கும்போதே சோலைக்குள் பொழுது சாய்ந்ததுபோல் இருக்கும். தரையை ஒட்டிய புதரில் சட்டென்று வந்து உட்கார்ந்து மறையும் கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பானை, அந்த அரையிருட்டில் சாயம் போகாத நிறத்தோடு பார்ப்பது தனி அனுபவம். தலையை உயர்த்தினால் இலைக்கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளை வானம். அதில் கதிர்க்குருவியின் இறக்கையில் ஓடும் மெல்லிய வெளிர்க்கோடு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய வேட்டைக்காரனுக்கு அந்தி என்றால் நமக்குச் சோலை. ஆண்டில் பாதி நாள் அங்கே வேலை செய்கிறவர் கடன் வாங்கியாவது நல்ல கண்ணாடி வாங்கலாம் என்பேன்.

கோடியக்கரை, வேதாரண்யம் உப்பளப் பக்கம் கதை வேறு. காலை பத்து மணிக்கு மேல் சதுப்பின் மீது கானல் எழுந்துவிடும். எந்தப் பைனாகுலரும் அதை ஊடுருவாது. அங்கே தேவை விடியற்காலையும் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும்தான். தூரத்தில் நிற்கும் உப்புக்கொத்திக் கூட்டத்தில் அலகின் நீளத்தை ஒப்பிட எட்டு மடங்கு போதாது. இருபத்தைந்து, முப்பது மடங்கு வேண்டும். பெரிதாக்கும் அளவு கூடக் கூடக் கண்ணாடியின் குறையும் கூடவே பெரிதாகும். மலிவான ஸ்கோப்பில் வெள்ளைப் பறவையின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் வழியும். அதைக் கட்டுப்படுத்தும் ஈடி கண்ணாடிக்கு பைனாகுலரில் கொடுப்பதைவிட ஸ்கோப்பில் கொடுக்கும் காசு நன்றாக உழைக்கும். கூடவே உறுதியான முக்காலி. கடற்காற்றில் நடுங்கும் முக்காலியின் மேல் எந்த லென்ஸை வைத்தும் பயனில்லை.

விலைப் பட்டியலில் கண்ணில் படாத ஆனால் நம் ஊரில் மிக முக்கியமான ஒன்று, காற்றுப் புகாத உடல். கடலோர ஈரக்காற்றில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும். முதலில் சிலந்தி நூலைவிட மெல்லிய இழையாக பிரிஸத்தின் ஓரத்தில் தொடங்கும். ஒரு மழைக்காலம் அலமாரியில் மூடிக் கிடந்தால் நடுவரை வந்துவிடும். பிறகு துடைத்தாலும் பூச்சை அரித்த தழும்பு போகாது. நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையத்தால் அடைத்த கண்ணாடிக்குள் இது வருவது அரிது. இந்த அடைப்பு நடுத்தர விலையிலேயே கிடைப்பதால், அதற்குக் கீழே இறங்கும்போதுதான் யோசிக்க வேண்டும். அடைப்பில்லாததை வைத்திருப்பவர்கள் அதோடு வந்த உறையைத் தூரப் போட்டுவிட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கட்டும். கொசுவுக்காகக் கையில் டீட் மருந்து தடவிக்கொண்டு பைனாகுலரைத் தொடவே கூடாது. மேலுறை ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதில் இளகிப் பாழாகும்.

கடையில் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்து வாங்காதீர்கள். வாசலுக்கு வந்து, வானத்தின் குறுக்கே போகும் மின்கம்பியைப் பாருங்கள். விளிம்பில் நிறம் கசிகிறதா, வட்டத்தின் ஓரத்தில் கம்பி வளைகிறதா என்று தெரிந்துவிடும். அப்படியே பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். ஒரே கம்பி இரண்டு குழாயிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மேலும் கீழுமாக நின்றால் அது ஒருமணி நேரத்தில் தலைவலி தரும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே குறைந்தது பதினைந்து மில்லிமீட்டர் தூரம் கொடுத்தால்தான் அது நடக்கும். பத்தாயிரத்துக்குள் வாங்குவதானால் பழைய கோணல் உடம்புப் போரோ வகையையே வாங்குங்கள். அதே விலை நேர்குழாயைவிட அநேகமாக அதுவே தெளிவாகக் காட்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், முன்னாள் மாணவர்கள் கொடுத்த நாற்பதாயிரத்தில் நல்லதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். எட்டாயிரத்தில் ஐந்து வாங்கச் சொன்னேன். புதரில் ஒரு பறவை நிற்பது சில நொடி. ஒரே கண்ணாடிக்கு வரிசையில் நின்றால் மூன்றாவது பிள்ளைக்கு வெறும் கிளைதான் மிஞ்சும். பெரியவர்களுக்கான பல பைனாகுலர்களின் இரண்டு குழாய்களையும் குழந்தையின் கண் இடைவெளிக்கு நெருக்கமாக மடக்க முடியாது. அப்படியானால் ஒரு வட்டத்துக்குப் பதில் இரண்டு வட்டம் தெரியும். அதனால் கடைக்குப் போகும்போது வகுப்பிலேயே சின்ன முகம் உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பிள்ளை "ஒரே வட்டமா தெரியுது சார்" என்று சொன்ன பிறகு பணத்தைக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.