கண்ணாடி வந்தது, கைமணம் போனது

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஊர் இஞ்சிவிளை, கேரளம். 'விளை'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லையைப் பொருட்படுத்தாமல் அமரவிளை வரை தொடர்கின்றன. கடைப் பலகைகளில் எழுத்து மட்டும் உருண்டையாகிறது. சாப்பாட்டு இலையிலோ அந்த மாற்றம்கூட இருந்ததில்லை. அதே சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்துவிட்ட மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு. கல்யாண வீடு என்றால் பாயசத்தோடு பிசைந்து தின்னப் போளி.

இப்போது மாற்றம் வந்திருக்கிறது. எல்லையிலிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இந்தப் பழைய நெடுஞ்சாலையின் இருபுறமும் கண்ணாடி முகப்பு வைத்த குடும்ப உணவகங்கள் முளைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரே முகம்: தொங்கும் மஞ்சள் விளக்குகள், சுவரில் பிளாஸ்டிக் புல், அதன் மேல் நியான் குழாயில் ஆங்கில வாசகம், அதன் கீழே படம் எடுத்துக்கொள்ள ஒரு மூலை. கொச்சியிலோ துபாயிலோ பார்த்த ஓட்டலை ஊர்க் கொத்தனாரிடம் வாயால் சொல்லிக் கட்டவைத்தது போன்ற தோற்றம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, குறைசொல்ல முடியாது.

குறை, உட்கார்ந்த பிறகு தொடங்குகிறது. மெனு அட்டை ஒரு சிறு புத்தகம். அரேபிய அல்ஃபாம், குழிமந்தி, சீனத்து சில்லி சிக்கன், பஞ்சாபின் பட்டர் நான் எல்லாம் கடந்து, கடைசிப் பக்கத்தில் 'நாடன்' என்ற தலைப்பின் கீழே கப்பையும் மீன் கறியும் ஒதுங்கி நிற்கின்றன. கேட்டால் அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. கடாய் சிக்கன், பெப்பர் சிக்கன், சிக்கன் மசாலா மூன்றையும் வரவழைத்துப் பார்க்கும் குடும்பம், மூன்றும் ஒரே சட்டிச் சிவப்புக் குழம்பின் வாரிசுகள் என்று கண்டுகொள்ள அதிக நேரம் ஆவதில்லை. பரோட்டா முதலில் வந்து ஆறிக்கிடக்கும். கறி பின்னால் வரும். குழந்தைக்குக் கேட்ட ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கேரளத்துச் சோற்றுக்கடையில் உட்கார்ந்தவுடன் கேட்காமலேயே வருவது பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு வெந்நீர், அல்லது சுக்கு வெள்ளம். கண்ணாடிக் கடையில் வருவது மூடி திறக்காத பாட்டில். அது பில்லிலும் வரும்.

இந்தக் கடைகளின் ஆயுள் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். திறப்பு விழாவுக்கு வடக்கே இருந்து கைதேர்ந்த ஒரு மாஸ்டர் வருகிறார். முதல் சில மாதம் கூட்டம் நெரிகிறது. வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. அடுத்த ஊரில் இன்னொரு கண்ணாடிக் கடை திறக்கிறது. மாஸ்டர் கூடுதல் சம்பளத்துக்கு அங்கே போகிறார். அவரிடம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வங்காளத்துப் பையனோ அஸ்ஸாம் பையனோ கரண்டியைப் பிடிக்கிறான். அவனைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. குடம்புளிக்கும் வாளன்புளிக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; மெனுவில் இருக்கும் அத்தனையையும் ஒரே அடுப்பில் செய்யச் சொன்னார்கள், செய்கிறான். பரிமாறுபவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கடையில் 'அண்ணா, கொஞ்சம் புளிசேரி?' என்று கேட்டு நின்றவர்கள் இடத்தில், 'சார்' என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்ப்பவர்கள். (மூத்தவரை மத்தியக் கேரளம் 'சேட்டா' என்று அழைக்கும், நெய்யாற்றின்கரைப் பக்கம் 'அண்ணா'தான். 1956 பிரித்த பிறகும் தங்கிப்போன சொல்.)

அந்தப் பிரிவினையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததும் அதன் மேல் சோதனைச் சாவடி வந்தது. அமரவிளையில் வணிகவரிச் சாவடி இருந்த காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து காய்கறி, அரிசி, கோழி ஏற்றிவரும் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். காத்திருக்கும் டிரைவருக்கும் கிளீனருக்கும் பசிக்கும். சாலையோரச் சோற்றுக்கடைகளின் அடுப்பு இரவெல்லாம் எரிந்ததற்கு அந்தப் பசி ஒரு முக்கியக் காரணம். டிரைவர்கள் கண்டிப்பான விமர்சகர்கள். ஒரு முறை பழைய மீன் போட்டால் மறுமுறை வண்டி அந்தக் கடை வாசலில் நிற்காது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. சாவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று, லாரி வரிசையும் கலைந்தது. அதுவரை கேரளம் கறிக்கோழிக்கு 14.5 சதவீத வரி போட்டுவந்தது. அந்த வரி நீங்கிவிட்டதால் கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் வற்புறுத்தியதும், வியாபாரிகள் முறுக்கிக்கொண்டதும் அப்போது பெரிய செய்தி. அதற்கடுத்த அடி கழக்கூட்டம்-காரோடு புறவழிச்சாலை. முக்கோலையிலிருந்து எல்லையோரக் காரோடு வரை கான்கிரீட்டில் போட்ட பகுதி திறந்ததும், தொலைதூர வண்டிகள் பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் எட்டிக்கூடப் பார்க்காமல் போகத் தொடங்கின. பழைய சாலைக்கு மிச்சம் உள்ளூர்க் குடும்பங்கள்.

கண்ணாடிக் கடைகள் குறிவைத்தது இவர்களைத்தான். வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீடுகள், அரசு ஊழியர் வீடுகள். ஞாயிற்றுக்கிழமை இரவு நான்கு பேர் போய் உட்கார்ந்து எழுந்தால் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. சமையல் கெட்டுப்போனது தெரிந்தும் ஏன் போகிறார்கள் என்பது நல்ல கேள்வி. குளிர்பதன அறையில், பிள்ளைகளோடும் வயதான தாயோடும் கௌரவமாக உட்கார இந்த ஊர்களில் வேறு இடம் குறைவு. பழைய சோற்றுக்கடை ஆண்களின் இடம், கள்ளுக்கடை அதைவிட. பெண்களுக்கு வெளியே சாப்பிடும் உரிமையை இந்தக் கண்ணாடிக் கடைகள்தான் கொடுத்தன. பழைய ருசிக்காக ஏங்குகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் விஷயம் இது.

ஆனால் கொடுக்கும் காசுக்குச் சுத்தமாவது கிடைக்க வேண்டும். 2022-ல் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்தார். 2023 தொடக்கத்தில் கோட்டயத்தில் ஓட்டல் சாப்பாட்டுக்குப் பின் நர்ஸ் ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் கேரளம் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. ஓட்டல் ஊழியர்களுக்கு ஹெல்த் கார்டைக் கட்டாயமாக்கியது. பார்சலில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று சீட்டு ஒட்டச் சொன்னது. தமிழ்நாடு அதே மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தது 2025 ஏப்ரலில். களியக்காவிளையில் நின்று பார்த்தால் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் வேடிக்கை: சாலையின் ஒரு பக்கம் விஷம், மறுபக்கம் சட்னி. வெள்ளைக் கிண்ணம் மேஜைக்கு வரும்போது அதில் என்ன முட்டை என்று கேட்கிற பழக்கம் இரு பக்கமும் இன்னும் வேரூன்றவில்லை.

ஓட்டல்காரர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய வேகத்தில், அதில்தான் பொரிப்போம் என்று பலகை வைத்த கடைகளே தடுமாறின. வாடகை, குளிர்பதன மின்கட்டணம், வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் செயலிகளின் கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதில் மீன் வாங்கும் காசைத்தான் முதலில் குறைக்கிறார்கள். பூவாறு கடல் பக்கத்திலேயே இருந்தும் தட்டில் உறைபெட்டி மீன் வருவது அப்படித்தான்.

பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் போகிறவர்கள் தம்பானூரில் வேறொரு ஸ்டைலைப் பார்க்கலாம். லாரி பேக்கர் செங்கல்லில் சுருள்சுருளாகக் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். காபி போர்டு கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்களை ஏ.கே.கோபாலன் கூட்டுறவாகத் திரட்டினார். கேரளத்தில் முதல் கடை 1958-ல் திருச்சூரில் திறந்தது. தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் சங்க உறுப்பினரும்கூட. பீட்ரூட் மசாலா தோசையும் கட்லெட்டும் கொண்ட அதன் மெனு பெரிதாக மாறவில்லை. ஊர் முழுக்க ஆசைப்படும் மெனு அல்ல அது. ஆனாலும் பரிமாறுகிறவர் அடுத்த வருடமும் அங்கேயே இருப்பார் என்பதற்கு ஒரு விலை இருக்கிறது.

பழைய ருசி செத்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாலையில் தார்ப்பாய் கட்டும் தட்டுக்கடைகளில் ஆவி பறக்கும் மரச்சீனி, சாளைக் கறி, தோசை, ரசவடை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் எல்லை தாண்டி வருபவர்களுக்குக் கள்ளுக்கடைக் கறியும் உண்டு. அதன் காரம் பழக்கமில்லாதவர் கண்ணில் நீர் வரவைக்கும். சமைப்பவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சமைக்கிறார். மெனு அட்டை கிடையாது.

கரமனையில் தொடங்கிய சாலை விரிவாக்கம் பாலராமபுரம் பக்கம் வந்து, அங்கிருந்து தெற்கே மிக மெதுவாக நகர்கிறது. திட்டப்படி களியக்காவிளை வரை வருமானால் கண்ணாடிக் கடைகள் பல, முகப்பையும் கார் நிறுத்தும் இடத்தையும் இழக்கும். தட்டுக்கடைக்காரர்களுக்குப் பத்தடி பின்னால் தார்ப்பாயை நகர்த்தும் வேலைதான்.