வெற்றுத்தாளின் முன்னே

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் நமக்கு ஓர் ஓவிய ஏட்டைப் பரிசாகத் தந்தார். தடித்த அட்டை, நூலால் தைத்த முதுகு, தொட்டால் பருத்தித் துணிபோல் தோன்றும் கனத்த தாள். பணி ஓய்வு பெற்றதும் படம் வரையப் போவதாக நாம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததன் பலன் அது. அந்த ஏட்டை அலமாரியின் மேல்தட்டில், திருவிவிலியத்தின் பக்கத்தில், பத்திரமாக வைத்தோம். இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் ஒரு கோடு கூட இழுக்க விடவில்லை. விலையுயர்ந்த தாள் நம் கைக்கு விலங்கு பூட்டிவிட்டது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் பெற்று ஆலயத்தைவிட்டு வெளியே வந்தோம். தவக்காலத்தில் எதையேனும் விட்டுவிடுவது நம் வழக்கம். ஓராண்டு காப்பி, மறு ஆண்டு வெற்றிலை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாளே இரண்டும் திரும்பி வந்துவிடும். இம்முறை ஒன்றை விடுவதற்கு மாறாக ஒன்றைத் தொடங்கினால் என்ன என்று தோன்றியது. பாளையங்கோட்டைக் கடையொன்றில், பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று, கோடு போடாத நூறு பக்க நோட்டு ஒன்றும் பென்சில்கள் இரண்டும் வாங்கினோம். நாற்பது நாள், நாளுக்கு ஒரு பக்கம், பத்து நிமிடம். இவ்வளவே நாம் செய்துகொண்ட உறுதி.

முதல் இரவே பாடம் கிடைத்தது. வீட்டிலிருந்தபடி, நினைவிலிருந்து, சுலோசன முதலியார் பாலத்தை வரைந்தோம். நெல்லையையும் பாளையையும் இணைக்கும் அந்தப் பாலத்தை மிதிவண்டியிலும் பேருந்திலுமாக நாற்பது ஆண்டுகள் கடந்திருக்கிறோம். கலெக்டர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்தது, 1843இல் திறக்கப்பட்டது, இலண்டன் வாட்டர்லூ பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டது என்றெல்லாம் வகுப்பில் சொல்லியும் இருக்கிறோம். அந்த வாட்டர்லூ பாலம் 1930களில் இடிக்கப்பட்டுவிட்டது, நம்முடையது நிற்கிறது. நோட்டில் நாம் வரைந்த பாலத்துக்கு ஏழு வளைவுகள். மறுநாள் மாலை ஆற்றங்கரையில் நின்று எண்ணிப் பார்த்தோம். பதினொன்று! வரலாறு தெரிந்திருந்தது, பாலம் தெரியவில்லை.

வெட்கம் ஒருபுறமிருக்க, அன்றைக்கு ஒன்று விளங்கியது. கண் திறந்திருப்பதெல்லாம் காண்பதாகாது. தெரிந்த பொருள் என்ற எண்ணம் வந்ததும் கண் தன் வேலையை நிறுத்திவிடுகிறது. பென்சிலைப் பிடித்தவனோ அப்படி நிறுத்த முடியாது. அடுத்த கோடு எங்கே வளைகிறது என்று அவன் மறுபடியும் ஏறிட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

வரையத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, என்னென்ன வாங்கவேண்டும் என்பதுதான். வீணாக்க மனம் துணிகிற பொருளே தொடக்கத்துக்கு ஏற்ற பொருள் என்பது நம் அனுபவம். பென்சிலை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளிருப்பதைக் காரீயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதில் ஈயம் துளியும் இல்லை. கிராபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு குழைத்துச் சுட்ட குச்சியே அது. போரின் காரணமாக இங்கிலாந்தின் கிராபைட் பிரான்சுக்கு வராமல் நின்றபோது, கோந்தே என்பவர் 1795இல் கண்ட வழி இது. களிமண் மிகுந்தால் குச்சி கடினமாகிக் கோடு வெளிறும். கிராபைட் மிகுந்தால் குச்சி மென்மையாகிக் கோடு கறுக்கும். நாம் எழுதப் பழகிய எச்.பி. நடுவில் நிற்பது, 2பி, 4பி, 6பி என்று எண் ஏற ஏறக் கருமையும் ஏறும். உருவத்துக்கு ஓர் எச்.பி., நிழலுக்கு ஒரு 4பி. என இரண்டு போதும். அப்சரா, நடராஜ், கேம்லின் என நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் நாம் குறையொன்றும் கண்டதில்லை. பன்னிரண்டு பென்சில் கொண்ட பெட்டி வாங்கிய நண்பர் ஒருவர், எதை எடுப்பது என்று எண்ணுவதிலேயே பத்து நிமிடத்தையும் போக்கிவிடுகிறார்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் எடை என்பது பொருள். நகலெடுக்கும் தாள் 70 அல்லது 80 இருக்கும். பென்சிலுக்கு அது போதும். மையால் வரைய 120க்கு மேலும், நீர்வண்ணம் தீட்ட 300 அளவிலும் இருப்பது நல்லது. மெல்லிய தாள் நீர் பட்டதும் அப்பளம்போல் நெளிந்துவிடும். வண்ணங்களை முதலாண்டில் வாங்காமலிருப்பதே நன்று. ஒளியும் நிழலும் பிடிபட்டபின் வண்ணம் தானே அழைக்கும். நம் பகுதியின் வெயிலுக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. சித்திரை மாதத்தில் உள்ளங்கை வியர்வை தாளில் ஒட்டி, வரைந்ததைக் கலைத்துவிடும். கையின் கீழே ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டால் அது தீரும். நோட்டைத் தாங்க மாணவர்களின் பரீட்சை அட்டையும், பென்சில் சீவ ஒரு பிளேடும் இருந்தால் பயணத்துக்கும் ஆயத்தம். ரப்பரை மட்டும் நாற்பது நாளுக்கு வீட்டிலேயே விட்டுவிடவேண்டும். பிழையான கோட்டை அழிக்காமல், அதன் அருகிலேயே சரியான கோட்டை இடுவது நல்ல பழக்கம். எங்கே தவறினோம் என்பது அப்போதுதான் கண்முன் நிற்கும்.

புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு குறையைக் களைய விரும்புகிறவர், ஒவ்வொரு நாளுக்கும் ஏட்டில் கோடிட்டு, அக்குறையில் விழுந்த தடவைதோறும் ஒரு புள்ளி வைக்கவேண்டும் என்கிறார் அவர். நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும், சென்ற வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். தவறைக் கிழித்தெறிந்தவனுக்கு ஒப்பிட ஏது? ஆகையால் நாமும் பக்கத்தைக் கிழிப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நாளைக் குறித்தோம். செம்பு, சருவப்பானை, வாசலில் கிடந்த செருப்பு, பத்தமடைப் பாயின் ஓரம் என்று கைக்கெட்டியவற்றையே வரைந்தோம். திருப்பலி முடிந்து வந்ததும் காப்பிக்கு முன் பத்து நிமிடம் என்று நேரத்தையும் கட்டினோம். நேரம் கட்டாத பழக்கம் நிலைப்பதில்லை; செபத்துக்கும் அது பொருந்தும்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது, பழக்கம் நிற்கவில்லை. கோடையில் ஒருநாள் பாபநாசம் சென்று, அருவியின் எதிரே பரீட்சை அட்டையோடு உட்கார்ந்தோம். அதே அருவியைத் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும், அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டுப் பயணத்தின்போது வந்து வரைந்திருக்கிறார்கள். அணை எழுவதற்கு வெகுகாலம் முந்திய தாமிரபரணி அது. இடத்திலேயே அமர்ந்து இட்ட கோடுகளைக் கொண்டுதான் பின்னர் இலண்டனில் செப்புத்தகட்டுப் படங்களை உருவாக்கினார்கள். 144 படங்கள் கொண்ட அவர்களது 'ஓரியண்டல் சீனரி' தொகுதியில் பாபநாச அருவியும் இடம்பெற்றது. நம் படத்தில் அருவி, கொடியில் காயும் வேட்டிபோல் இருந்தது. ஆயினும் நீர் பாறையை எந்த இடத்தில் விட்டு விலகுகிறது, எங்கே மீண்டும் தொடுகிறது என்பது இன்றும் நமக்குத் தெரியும்.

சில வாரங்களில் பென்சில் சலித்தது. ஆசிரியப் பணிக்காலத்து மைப்பேனாவை எடுத்தோம். நீல மையின் கோடு தயக்கமின்றி ஓடியது. படமும் பார்க்க எடுப்பாக இருந்தது. அந்த நீலத்தால் நேர்ந்ததைப் பின்னர் சொல்வோம்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் நம் அன்னை படுக்கையில் விழுந்தார்கள். வயது எண்பத்தெட்டு. கட்டிலருகே நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. நோட்டும் உடன் வந்தது. முகத்தை வரைய மனம் வரவில்லை. செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த வலக்கையை வரைந்தோம். அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"எய்யா, மூஞ்சிய விட்டுட்டு இந்தக் கையப் போயி வரையுத? அதுல என்ன இருக்கு?"

என்ன இருந்தது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், நகத்திலிருந்து இரண்டாம் கணு வரை, ஒரு பழைய தழும்பு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நமக்குச் சோறிட்ட கை. அந்தத் தழும்பை நாம் அதுவரை கண்டதில்லை. கேட்டோம். பன்னிரண்டு வயதில் பனையோலைப் பெட்டி முடைந்தபோது கத்தி வழுக்கியதாம். பெட்டி விற்ற காசு, தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குப் போனதாம். அந்தத் தம்பிதான், பின்னாளில் ஆசிரியராகி நம்மையும் ஆசிரியராக்கிய நம் தாய்மாமா. அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம், படிப்பில் நாட்டமில்லாமை என்றே நாம் எண்ணியிருந்தோம். நாம் ஏறிவந்த ஏணியின் முதல் படி அந்த விரலில் இருந்தது. ஒரு நோட்டும் பேனாவும் இல்லாதிருந்தால், அதைக் காணாமலே அடக்கம் செய்திருப்போம்.

அக்டோபரில், செபமாலை மாதத்தில், அம்மா ஆண்டவரில் துயில் கொண்டார்கள். அதற்குள் அந்தக் கையை இருபத்தேழு முறை வரைந்திருந்தோம்.

டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை அழைக்கும் அந்நாளில் தொடங்கிய மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஊருக்குள் வந்தது. நம் வீட்டுக்குள்ளும் வந்தது. மாடியில் குடியிருந்தவர்கள் நமக்கு இடம் தந்தார்கள். நீர் வடிந்து இறங்கிவந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த நான்கு நோட்டுகளும் சேற்றில் ஊறிக் கிடந்தன.

பக்கங்களுக்கிடையே செய்தித்தாள் வைத்து நிழலில் உலர்த்தினோம். பென்சில் படங்கள் செம்மண் கறையோடு அப்படியே இருந்தன. கிராபைட் நீரில் கரைவதில்லை. மைப்பேனாவின் மையோ நீரில் கரைத்த சாயம். நீரிலே பிறந்தது நீரோடு போய்விட்டது. இருபத்தேழில் பத்தொன்பது கைகள் வெறும் நீல மேகமாயின. தழும்பு தெரிந்த படமும் அவற்றில் ஒன்று.

மையால் வரைய விரும்புவோர் இதை மனத்தில் கொள்ளவேண்டும். இந்தியன் இங்க் எனப்படும் கறுப்பு மை புகைக்கரியையும் அரக்கையும் கொண்டு செய்வது; உலர்ந்தபின் நீருக்கு அசையாது. அதை மைப்பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்துக்கொள்ளும். தொட்டெழுதும் பேனாவுக்கே அது உரியது. நிறமி மை நிரப்பிய மெல்லிய முனைப் பேனாக்களும் இப்போது கிடைக்கின்றன. வாங்குமுன் ஒரு கோடிட்டு உலரவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். ஆற்றோரம் வாழ்கிறவர்கள் நோட்டுகளை மேல்தட்டில் வைப்பதும் நலம்.

கிறிஸ்து பிறப்பு விழா அவ்வாண்டு சேறு அள்ளுவதிலேயே கழிந்தது. திருக்காட்சி விழா முடிந்த ஒரு காலையில், சுவரில் வெள்ளம் நின்ற கறைக்கோட்டின் எதிரே உட்கார்ந்திருந்தோம். மேல்தட்டில் திருவிவிலியமும் அதன் பக்கத்தில் அந்த வெளிநாட்டு ஏடும் நனையாமல் இருந்தன. ஏட்டை எடுத்தோம். பென்சிலைச் சீவினோம். எதிரே கை இல்லை, நிழற்படமும் இல்லை. ஆயினும் கட்டைவிரல் மணியை எப்படித் தள்ளும், மோதிரவிரல் எப்படிச் சற்றே மடங்கி நிற்கும், தழும்பு கணுவருகே எப்படி வளையும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நாற்பது ஆண்டுகள் கடந்த பாலத்துக்கு ஏழு வளைவு போட்ட அதே கண்தான். இருபத்தேழு முறை பார்த்ததை அது மறக்கவில்லை.

படைப்பின் நாள்களில் இறைவன் தாம் செய்ததை நோக்கினார் என்று தொடக்கநூல் கூறுகிறது. வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பார்க்கும்படி ஆண்டவர் தம் சீடர்களுக்குச் சொன்னார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999இல் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், எல்லாரும் கலைஞராக அழைக்கப்படவில்லை என்றாலும், தம் வாழ்வைக் கலைப்படைப்பாக உருவாக்கும் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்று குறிப்பிட்டார். நாம் கலைஞரல்லர், ஆகப்போவதும் இல்லை. பத்து நிமிடம் பார்ப்பதற்கு அது தேவையும் இல்லை.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டிலும் நீங்கள் பார்க்காத ஒரு கை இருக்கும். நோட்டும் பென்சிலும் தெருமுனைக் கடையில் இருக்கின்றன. நம் விலையுயர்ந்த ஏட்டின் முதல் பக்கம் ஒருவழியாகக் கெட்டுவிட்டது. சுண்டுவிரல் சற்று நீளமாகிப்போனது, ரப்பரைத் தொடவில்லை.