குழலுக்கேற்ற குண்டு

கடலூரில் 1999இல் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். அச்செய்தி இந்நகரத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் மகிழ்ச்சியை விளைத்தது. எங்கள் இல்லத்திலோ ஒரு துப்பாக்கியையே கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் மகள் அப்பயிற்சியில் சேர்ந்தாள்.

இப்போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் விட்டமே உடையது. அதைத் தொடவேண்டிய ஈயக் குண்டோ 4.5 மில்லிமீட்டர் பருமன். உச்ச மதிப்பு 10.9. மையத்தினின்று ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர் விலகுந்தோறும் 0.1 குறையும். தகுதிச் சுற்றில் இவ்வாறு 60 முறை சுடவேண்டும்.

இரண்டாம் ஆண்டில் அவளுடைய புள்ளிகள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. தன் கை உறுதியற்றது என்று அவளே தீர்ப்பளித்துக்கொண்டு, விளையாட்டை விட்டுவிடவும் துணிந்தாள். அந்நிலையில் பயிற்சிக்கூடத்தின் மூத்த குஜராத்தி அன்பர் ஒருவர், "கையைப் பிறகு பார்ப்போம், முதலில் குண்டைப் பார்ப்போம், பேட்டி" என்றார். நெடுநாள் பழக்கமுள்ள மராத்தியர் ஒருவரும் உடன் வந்தார்.

பெருந்துப்பாக்கி சுடுவோரில் சிலர், சுட்டெஞ்சிய பித்தளைக் கூட்டில் மருந்தையும் குண்டையும் மீண்டும் பொருத்தித் தம் குழலுக்குரிய தோட்டாவைத் தாமே அமைத்துக்கொள்வர். காற்றுத் துப்பாக்கியில் மருந்தில்லை. எனவே தேர்ந்தெடுத்தலே நம் கையிலுள்ளது. இடை சிறுத்த அக்குண்டின் மெல்லிய பின்விளிம்பு, குழலின் சுருள்வரிகளைப் பற்றிச் சுழன்று செல்கிறது. தலையளவு 4.49, 4.50, 4.51 எனச் சிறிதே மாறினும், ஒரே அளவில் வேறொரு நாள் செய்யப்பட்ட தொகுதியாயினும், பற்றும் விதம் மாறக்கூடும்.

துப்பாக்கியை இடுக்கியில் அசையாது பிணித்தனர். ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைக் குவியலின் விளிம்புக்கு விளிம்பு அளந்து ஏட்டில் குறித்தோம். ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது அவர்கள் விதி. முதல் குவியல் அழகாய் அமைந்ததும் நாங்கள் மகிழ்ந்தோம். பெரியவரோ, "பத்துக் குண்டு ஆசை காட்டும், பாய், ஐம்பது குண்டுதான் உண்மை சொல்லும்" என்று மீண்டும் சுடச் செய்தார். ஈயம் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் தேநீர்க் குவளையைத் தொட எவரையும் விடவில்லை.

மாலைக்குள் விடை கிடைத்தது. அவள் அதுவரை பயன்படுத்திய தொகுதி, இடுக்கியில் பிணித்த நிலையிலும் சிதறியே விழுந்தது. விலை குறைந்த வேறொன்று, ஒரே துளைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தது. கையின்மீது சுமத்தப்பட்ட பழி பெரிதும் நீங்கிற்று. மகள் நெடுநேரம் அத்தாளையே நோக்கியிருந்தாள். "இனிச் சிதறினால் அது என்னுடையது, காகா" என்றாள். அவர் சிரித்துத் தலையசைத்தார்.

மாநிலப் போட்டியில் அவள் பதக்கம் பெறவில்லை. ஆயினும் விளையாட்டை விடவில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்த நம்மனோர்க்கு உறவினர் தொலைவில் உள்ளனர். ஆசான்மார் அருகிலேயே உள்ளனர். அப்பெரியவர் குஜராத்தி எண்களில் எழுதிய அளவுகளின் பக்கத்தில், மகள் தமிழில் குறிப்பெழுதி வைத்திருக்கிறாள். புதிதாய் வரும் சிறார்க்கு இன்று அவ்வேட்டை விரித்து அளந்து காட்டுபவள் அவளே.