ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் தென்பெண்ணை வெள்ளை நுரையாகப் பொங்கிப் போகும். பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் மாநில எல்லை தாண்டி எங்களிடம் வந்து சேர்வது இப்படித்தான். இங்கே குடிவந்த புதிதில் அந்த நாற்றத்தோடு சோற்றில் கைவைக்க முடியாது. "ஆறு மாசம் போனா தெரியாது டீச்சர்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஆறு மாதம்கூட ஆகவில்லை. இப்போது வெளியூரிலிருந்து யாராவது வந்து மூக்கைப் பொத்தும்போதுதான் நாற்றம் இருப்பதே எனக்கு நினைவுக்கு வருகிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கன்னட வாசகம் ஒன்று உண்டு: 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'. கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். இரண்டு பேர் அமரும் பஸ் சீட்டில் மூன்றாவதாக உட்கார வருபவர் சொல்வார், நாமும் நகர்ந்து இடம் கொடுப்போம். நல்ல வாசகம்தான். ஆனால் எந்த மொழியில் சொன்னாலும், பெண்களிடம் அது எத்தனை முறை சொல்லப்படுகிறது என்று எண்ணத் தொடங்கினால் அந்த நல்ல குணம் குறைந்துவிடுகிறது.

சென்ற பருவத்தில் பொதுத்தமிழ் வகுப்பில் 'சர்வாதிகாரம்' என்ற சொல் வந்தது. முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேம், ஹிட்லர் ஒரே ஆளு. அத்தனை பேர் இருந்த நாட்டுல ஏன் மேம் யாருமே தடுக்கல?" மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் பேசலாம் என்றேன்.

அந்த வாரமே துறையின் சுவர் இதழில் அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஆண்கள் விடுதியின் வாசல் இரவு 9 மணிவரை திறந்திருக்க, பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன் 6 மணிக்குப் பூட்டு என்பதுதான் விஷயம். நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "இதெல்லாம் வேணாம் மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று சிரித்தபடி சொன்னார்கள். நான் போய் என் கையாலேயே குண்டூசிகளைப் பிடுங்கினேன். என்னை யாரும் மிரட்டவில்லை. சம்பளம், வீட்டுக் கடன், மகனின் படிப்பு எல்லாவற்றையும் நானே நினைத்துக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வகுப்பில் ஹிட்லரைப் பற்றி நான் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்றைக்குத் தராத விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முசோலினி ரோம் நகரைப் போரிட்டுப் பிடிக்கவில்லை. 1922 அக்டோபரில் அவருடைய ஆயுதக் கூட்டம் தலைநகரை நோக்கி வந்தபோது, மன்னர் அவரையே ஆட்சியமைக்க அழைத்தார். முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் ஏறி வந்தார். 1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்குக் கிடைத்தது 33 சதவீத வாக்கு. 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைச் சான்சலராக்கினார். தங்கள் கைக்குள் அவரை வைத்துக்கொள்ளலாம் என்று பழமைவாதத் தலைவர்கள் நம்பினார்கள். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், பிப்ரவரி 28 அன்று, அரசமைப்பின் 48ஆம் பிரிவைக் கொண்டே பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் நிறுத்தப்பட்டன. மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசிடம் தூக்கிக் கொடுத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கை தூக்கியிருக்கிறார்.

தடுக்க முயன்றவர்களும் இருந்தார்கள். 1932 ஆகஸ்ட் 30 அன்று, நாஜிகளே பெரிய கட்சியாக உட்கார்ந்திருந்த அவையை, மூத்த உறுப்பினர் என்ற முறையில் கிளாரா ஜெட்கின் தொடங்கி வைத்தார். வயது 75, உடல்நிலை மோசம், கண் பார்வையும் மங்கியிருந்தது. ஃபாசிசத்துக்கு எதிராக உழைக்கும் மக்கள் ஒன்றுசேர வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேராகப் பேசினார். அனைத்துலக மகளிர் தினம் வேண்டும் என்று 1910இல் முன்மொழிந்தவர்களில் ஒருவர் அவர். மார்ச் 8 வந்தால் கல்லூரிகளில் நாம் கோலப்போட்டி நடத்துகிறோம்.

நாஜிகள் பெண்களை அடித்து மட்டும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 1933 ஜூனில் திருமணக் கடன் கொண்டுவந்தார்கள். ஆயிரம் மார்க் வரை கிடைக்கும். மணப்பெண் வேலையை விட வேண்டும் என்பது நிபந்தனை, பணம் கணவன் பெயருக்குப் போகும். ஒரு குழந்தை பிறந்தால் கடனில் கால் பங்கு தள்ளுபடி. வேலை போனதை இழப்பு என்று சொல்லக்கூட இடமில்லாமல், அதைக் கல்யாணச் சீர் போல ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்குள் தந்தை செலுத்தும் அதிகாரமும் நாட்டில் சர்வாதிகாரி செலுத்தும் அதிகாரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று வர்ஜீனியா வுல்ஃப் 1938இல் 'மூன்று கினிகள்' நூலில் வாதிட்டார். விடுதி வாசலின் பூட்டைப் பார்க்கும்போது எனக்கு அது விளங்குகிறது.

நம் நாட்டுக்கும் இந்த எச்சரிக்கை சொல்லப்பட்டது. 1949இல் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத், நெருக்கடிநிலைப் பிரிவுகளை ஜெர்மனியின் 48ஆம் பிரிவோடு ஒப்பிட்டு எதிர்த்தார். அவை கேட்கவில்லை. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் தெரிந்தது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்படும்வரை தமிழ்நாட்டில் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. பிறகு இங்கும் மிசா கைதுகள் தொடங்கின. ஏப்ரல் 28 அன்று, காரணமின்றிச் சிறைவைத்தாலும் நெருக்கடிநிலையில் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகள் ஒருபக்கம், எச்.ஆர். கன்னா மட்டும் மறுபக்கம்.

அந்தத் தீர்ப்பு வந்த நான்காம் நாள், மே 2 அன்று, ஸ்நேகலதா ரெட்டி கைதானார். 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் சந்திரியாக நடித்தவர், சென்னையின் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பரோடா வெடிமருந்து வழக்கில் தொடர்பு என்றார்கள். இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. ஆஸ்துமா நோயாளியான அவர் எட்டு மாதத்துக்கு மேல் பெங்களூர் மத்திய சிறையில் இருந்தார். 1977 ஜனவரி 15இல் பரோலில் விட்டார்கள். ஐந்தே நாளில், ஜனவரி 20இல், இறந்துபோனார். அந்தச் சிறை இருந்த இடத்தில் இன்று 'ஃப்ரீடம் பார்க்' இருக்கிறது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். அவருடைய சிறைக் குறிப்புகள் நூலாக வந்திருக்கின்றன. முனைவர் பட்டம் வாங்கி முடிக்கும்வரை நான் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

நெருக்கடிநிலையும் ஹிட்லரின் ஆட்சியும் ஒன்றல்ல. இங்கே 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது, மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். அடுத்த ஆண்டின் 44ஆவது திருத்தம், உயிருக்கும் உடல்சார்ந்த சுதந்திரத்துக்குமான உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. ஜெர்மனியின் நாஜி ஆட்சியை முடிக்க ஓர் உலகப் போர் தேவைப்பட்டது. ஆனால் இரண்டு இடத்திலும் தொடக்கத்தில் நடந்தது ஒன்றுதான். சட்டப்படி ஒரு தாள் வந்தது, பலர் அதை அனுசரித்துக்கொண்டார்கள்.

ஆக, அவளுடைய கேள்விக்கு விடை இதுதான்: தடுத்திருக்கக்கூடியவர்களில் பலர் என்னைப் போன்றவர்கள். கெட்டவர்கள் இல்லை. கடன் உள்ளவர்கள், படித்தவர்கள், குண்டூசி பிடுங்கியவர்கள். பொறுத்துப்போவதைச் சின்ன வயதிலிருந்தே பழகிய பெண்களான நமக்கு அந்த வேலை இன்னும் சுலபமாக வருகிறது. அதனால்தான் நாம் கூடுதலாக விழித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பருவத்தின் முதல் வாரத்தில் அவளைத் துறைக்குக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன், நான் செய்ததையும் சேர்த்து. மேசை இழுப்பறையிலிருந்து அவள் தாளை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பை நீவிவிட்டு, "திரும்ப ஒட்டலாமா மேம்?" என்றாள். ஒட்டினோம். கீழே என் பெயரையும் எழுதினேன்.

விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. பதில் தர மூன்று நாள் அவகாசம். இன்று இரண்டாவது நாள்.