வேலூர் வெயிலும் வீட்டுக் கூரையும்

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைப் பற்றிப் பழைய சொல்வழக்கு ஒன்று உண்டு. தெய்வமில்லாக் கோயில் என்றும் அதில் ஒரு தொடர் இருந்தது. 1981இல் கோட்டைக் கோயிலில் மீண்டும் சிலை நிறுவப்பட்ட பின் அது வழக்கொழிந்தது. மற்றவை இன்றும் பொருந்துகின்றன. ஆனால் இந்தச் சொல்வழக்கைக் கட்டியவர் ஒன்றை விட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கூரை இருந்தும் நிழலில்லா வீடு!

கத்திரி வெயில் நாளொன்றில் காட்பாடியில் பாசஞ்சர் வண்டியேறி ஆம்பூருக்குப் புறப்பட்டேன். குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று வண்டி நின்று நின்று சென்றது. இருபுறமும் மொட்டைப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதை உமிழ்பவை அவை. இடையே பாலாறு வெறும் மணலாய்க் கிடக்கிறது. கோடை வந்தால் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலை நாளேடுகள் வெளியிடும். அப்பட்டியலில் வேலூர் இல்லாத நாள் குறைவு. 107, 108 டிகிரி இங்கே செய்தியே அல்ல. செல்சியசில் சொன்னால் 42 பாகை.

ஆம்பூர் என்றதும் வெளியூரார்க்குப் பிரியாணி நினைவுக்கு வரும். விறகடுப்பின் முன் நின்று அதை ஆக்குபவர் படும் பாட்டை உண்பவர் நினைப்பதில்லை. அது இருக்கட்டும். நான் சென்றது தோல் தொழிலாளர் வாழும் சந்தொன்றுக்கு. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. மாவட்டம் மாறினாலும் தொழில் மாறவில்லை. மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்தத் தோல் நாட்டிலிருந்து உலகின் பெருங்கடைகளுக்குக் காலணிகள் செல்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி தொழிற்சாலையில் தைக்கப்படுவதில்லை. காலணியின் மேற்பகுதியை, ஊரார் வழக்கில் ‘அப்பர்’, வீடுகளில் பெண்கள் ஊசியும் நூலும் கொண்டு கையால் தைக்கிறார்கள். சோடிக்கு இவ்வளவு என்று கூலி.

அத்தகைய வீடொன்றின் வாசலில் லுஹர் தொழுகைக்குப் பின் போய் நின்றேன். ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. அதன்மேல் தென்னங்கீற்றுகளைப் பரப்பிக் கல் வைத்திருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் ரொட்டி அடுப்பைத் திறந்தாற்போல் முகத்தில் அனல் அடித்தது. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, அது கூரையிலிருந்த வெப்பத்தைக் கீழே இறக்கித் தந்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

“பதினொரு மணிக்கு மேலே உள்ளே உட்கார முடியாது தம்பி. வாசலிலே உட்கார்ந்தா தெருவே பார்க்குது. வியர்வை சொட்டினா தோலிலே கறை விழுந்துடும். கறை விழுந்தா அந்தச் சோடிக்குக் கூலி இல்லை” என்றார் அந்த அக்கா. மடியில் துணி விரித்து, மணிக்கட்டில் கைக்குட்டை கட்டி, அவர் தைத்துக் கொண்டேயிருந்தார்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியவர்கள், அதன் 13ஆம் பிரிவில், வெப்பம் இயன்ற அளவு குறைவாக இருக்குமாறு தொழிற்கூடத்தின் சுவரும் கூரையும் அமைய வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நல்ல சட்டம். ஆனால் அதே காலணியை அதே ஊரில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணின் கூரையைப் பற்றி எந்தப் பிரிவும் பேசவில்லை. ஆலையின் கூரைக்கு முதலாளி பொறுப்பு. அவள் கூரைக்கு யார் பொறுப்பு?

வெயிலை வெல்லும் வழி இவ்வூராருக்குத் தெரியாததன்று. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பழைய தோல் வணிகர்களின் இல்லங்களுக்குள் நுழைந்து பாருங்கள். கனத்த சுவர், நடுவில் முற்றம், எட்டாத உயரத்தில் கூரை. அந்தக் கூரைதான் கட்டடக்கலையில் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப் பெயர் பெற்றது. முதிய கொத்தனார் ஒருவர் அதன் செய்முறையை எனக்கு விளக்கினார். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பதிக்க வேண்டும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாய் அமர்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிக்க வேண்டும். முடிவில் தட்டோடு. “அதுக்குக் கீழே படுத்தா மே மாசத்திலேயும் போர்வை கேட்கும் பாய்” என்றார். சற்று மிகைதான். ஆயினும் அத்தகைய கூடமொன்றில் நான் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் விசிறியை யாரும் தேடவில்லை.

இன்று எளியவர் வீட்டுக்கு ஷீட்டு. சற்று வசதி வந்தால் நான்கைந்து அங்குலக் காங்கிரீட். ஷீட்டு நண்பகலில் கொல்லும். காங்கிரீட்டோ வெயிலைச் சேமித்து வைத்து இரவில் கொல்லும். தளம் போட்டதும் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன்மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கும் வேலை ‘பிறகு பார்க்கலாம்’ என்று நின்றுவிடும். பல வீடுகளில் அந்தப் ‘பிறகு’ இருபது ஆண்டுகளாகியும் வரவில்லை. பழுப்பேறிய தளம் தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கிக் கொள்கிறது. அதே தளத்துக்குச் சுண்ணாம்போ வெப்பந்தடுக்கும் வெண்பூச்சோ பூசினால் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அறையின் வெப்பம் 2 முதல் 5 பாகை வரை குறைகிறது என்பது பல இடங்களில் கண்ட அனுபவம்.

ஆண்கள் இரவில் மாடியிலோ பள்ளிவாசல் திண்ணையிலோ படுத்துக் கொள்ளலாம். பெண்களுக்கு அந்த வசதி இல்லை. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் அந்த அறைக்குள்ளேதான் அவர்கள் இரவைக் கழிக்க வேண்டும். 2018, 2019 ஆண்டுகளில் ரமலான் மே மாதத்தில் வந்தது நினைவிருக்கலாம். நோன்பு நோற்ற நாவோடு, ஷீட்டின் கீழ், அடுப்பின் முன் நின்று இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சியவர்களை அப்போது எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

அடுப்பும் இதில் அடக்கம். 2007 முதல் தமிழக அரசும், 2016 முதல் உஜ்வலா திட்டத்தின் வழியே மத்திய அரசும் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்புத் தந்தன. பாராட்டுக்குரிய செயல். ஆனால் உருளை தீர்ந்ததும் மறுபடி வாங்கக் கைப்பணம் இல்லாத வாரங்களில் விறகே துணை. சமையலறை தனியே இல்லாத வீட்டில் அந்தப் புகையும் அனலும் எங்கே போகும்?

வீடு அவரவர் சொந்த விவகாரம், அதற்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. குளிர் நாடான அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 1976இலேயே விடை கண்டார்கள். எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின், ஏழைகளின் வீட்டு இடுக்குகளை அடைத்துக் குளிர் புகாமல் காக்க அரசுச் செலவிலேயே திட்டம் தொடங்கினார்கள். நமக்கு அடைக்க வேண்டியது குளிரை அன்று, வெயிலை. அகமதாபாத் நகரம் 2010 மே மாத அனலில் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்த பின் விழித்துக்கொண்டு, 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வெளியிட்டு, ஐந்தாண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் என்று இலக்கும் வைத்தது. தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் இம்முயற்சி நடந்துள்ளது. வீடுகள் காத்திருக்கின்றன.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறந்த பின் 4 லட்சம் தர முன்வரும் கருவூலம், இறவாமல் காக்கச் சில நூறு ரூபாய்ச் சுண்ணாம்பும் இரண்டு நாள் கூலியும் தரலாகாதா? 2016இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்றார்கள். அந்த மின்சாரத்தில் ஓடும் விசிறி, சுட்ட கூரையோடு போராடியே தேய்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள் என்று 2024இல் அறிவித்தார்கள். ஒவ்வொன்றும் 360 சதுர அடி. அத்தளங்களின் மேல் சுருக்கியோ வெண்பூச்சோ இல்லாவிட்டால் 8 லட்சம் புதிய அடுப்புகளைக் கட்டியவர்களாவோம்.

இந்தத் தோல் நாட்டுக்கே ஒரு முன்மாதிரி உண்டு. தோல் பதனிடும் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பை நாடறியும். கழிவுநீரைச் சுத்திகரிக்க இங்கே எழுந்த பொது நிலையங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் மானியம் கொடுத்தன. தொழிலின் கழிவுநீருக்குப் பொதுப்பணம் கிடைத்தது. தொழிலாளியின் கூரைக்கும் கிடைக்கலாம்.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. இந்தச் சந்துகளில் வாடகைக் குடித்தனங்கள் மிகுதி. அரசுப் பணத்தில் கூரையைச் சீர்செய்த கையோடு வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினால் பலன் யாருக்கு? மானியம் தரும்போதே, குறிப்பிட்ட ஆண்டுகள் வாடகை உயர்த்துவதில்லை என்று எழுதி வாங்கிவிட வேண்டும். ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் தம் குடியிருப்புகளில் இதை முதலில் செய்து காட்டலாம். ஆனால் ஊர் முழுவதற்கும் செய்ய பைத்துல்மாலால் ஆகாது. சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுதோறும் பூச வேண்டும். அதற்கு ஆளும் நிதியும் நிலையாக வைத்திருக்க உள்ளாட்சியால்தான் முடியும்.

மாலையில் மறுபடி அந்தச் சந்துக்குச் சென்றேன். இஷா முடிந்து நெடுநேரமாகியும் பக்கத்து வீட்டுத் தளத்தில் வைத்த உள்ளங்கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது. நான் பத்திரிகைக்கு எழுதுபவன் என்றறிந்து அந்த அக்கா கேட்டார்: “இதுக்கு மனு எழுதினா யாருக்கு எழுதணும் தம்பி?”

எனக்குச் சட்டென்று விடை தெரியவில்லை. சாலைக்கும் குடிநீருக்கும் குடும்ப அட்டைக்கும் அலுவலகம் உண்டு. கூரைச் சூட்டுக்கு எந்த அலுவலகம்? யோசித்துவிட்டு, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு என்று தலைப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை விளக்கருகே பிடித்து ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டு, கீழே உருதுவில் கையொப்பமிட்டார். அதற்குள் வரிசையில் இருந்த மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் பேனாவுக்காகக் காத்து நின்றார்கள்.