ஒலி காட்டிய உண்மை

இராசபாளையத்திற்குத் தெற்கே, தென்காசி செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்த சேத்தூரே என் ஊர். அங்கே நெல்லும் தென்னையும் வளர்த்து வாழ்பவர் என் தாய்மாமன்.

மாமாவின் வயிற்றிலும் முதுகிலும் வெளிறிய படைகள் தோன்றின. தேமல்தானே என்று வாளாவிருந்தார். வரப்பில் மண்வெட்டி காலைப் பிளந்தும் வலி தெரியாதபோதுதான் மருத்துவரை நாடினோம். தொழுநோய் என்றார்கள். ரிஃபாம்பிசின், குளோபசிமின், டாப்சோன் என்னும் மூன்று மருந்துகளை 12 மாதம் உண்டால் முற்றிலும் குணமாகும் என்று சொல்லி இலவசமாகவே கொடுத்தார்கள்.

அன்றே வீட்டில் மாமாவின் தம்ளர் தனியானது. அதைத் தனியே எடுத்து வைத்தவன் வேறு யாருமல்லன். கல்லூரியில் விலங்கியல் பயிலும் நானே!

ஆறாம் வாரம் மாமாவுக்குக் கடுங்காய்ச்சல். உடலெங்கும் தடிப்பு, கண்களில் மஞ்சள். "நோய் ஈரலுக்குள் இறங்கிவிட்டது" என்று ஊரார் பேசினர். நானும் அதையே நம்பினேன்.

முதலில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்திற்குப் போனோம். மருந்து அட்டையைப் பார்த்ததும் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்தனர். எங்களுக்குப் பின் வந்தவர்கள் உள்ளே போய்த் திரும்பினர். எங்களிடமோ, "மெஷின் பழுது, நாளைக்கு வாங்க" என்றனர். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா மருமகனே, போவோம்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அரசு மருத்துவமனை. அங்கிருந்த பெண் மருத்துவர் மாமாவின் வயிற்றில் பசையைத் தடவியவாறே, "சில்லுன்னு இருக்கும் ஐயா" என்றார்.

"அந்த எடத்துல குளிரும் தெரியாது, சூடும் தெரியாது தாயி."

மருத்துவர் ஒரு கணம் நின்றார். பிறகு இடக்கையை அந்தப் படையின் மீதே ஊன்றிக்கொண்டு, வலக்கையால் கருவியை நகர்த்தினார். எத்தனை வாரங்களுக்குப் பின் மாமாவின் மேல் ஒரு மனிதக் கை பட்டது! நான் தலை குனிந்தேன்.

மனிதச் செவிக்கு எட்டும் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வுகள். அதையும் கடந்த ஒலியை உடலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவதே இக்கருவி. இடையில் காற்று இருந்தால் ஒலி உட்புகாது, அதற்காகவே பசை.

"கிருமி ஈரலுக்குப் போய்விட்டதா?" என்று கேட்டேன்.

"இந்தக் கிருமி குளிர்ந்த இடங்களையே விரும்பும், தோலும் நரம்பும்தான் அதன் வீடு. நோய் முற்றிய சிலருக்கு இரத்தம் வழியே ஈரலுக்கும் போகும். ஆனால் கிருமியை இந்தக் கருவி காட்டாது. ஈரல் சற்றே வீங்கியிருக்கிறது. பித்தநாளத்தில் அடைப்பில்லை, கல்லும் இல்லை. இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால், இது டாப்சோன் ஒவ்வாமை" என்றார்.

1940களில் செங்கற்பட்டில் இராபர்ட் காக்ரேன் தொழுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தல்லவா டாப்சோன்! எத்தனையோ பேருக்கு வாழ்வளித்த அம்மருந்து, மிகச் சிலருக்கு இப்படிப் பகையாகிவிடுவதுண்டு. அதை நிறுத்தி, சில வாரம் மருத்துவமனையிலேயே வைத்துத் தேற்றினார்கள். பின்னர் மற்ற இரண்டு மருந்துகளோடு சிகிச்சை தொடர்ந்தது; மாமா குணமடைந்தார்.

வீடு திரும்பிய அன்றிரவு, மாமா குடித்து வைத்த தம்ளரிலேயே நான் தண்ணீர் குடித்தேன். அவர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

மாணவ நண்பர்களே! தொழுநோயாளரைப் பிரித்து அடைத்துவைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் வழியும் 2019இல் அடைக்கப்பட்டது. சட்டங்களை அரசு நீக்கிவிட்டது. வீட்டிலுள்ள தனித் தம்ளரை நாம்தான் நீக்க வேண்டும்.